சான் ஆன்ட்ரியாஸ் பிளவுப்பெயர்ச்சி

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஏறத்தாழ 1,200 கி.மீ. நீளும் பாறைப் பிளவு. பசிபிக் புவித்தட்டும் வட அமெரிக்கப் புவித்தட்டும் இங்கே பக்கவாட்டில் உரசிக்கொள்கின்றன. பிளவின் மேற்குப் பக்க நிலம் ஆண்டுக்குச் சுமார் 35 மி.மீ. வடமேற்காக நகர்கிறது. நிலநடுக்கம் எப்படி உண்டாகிறது என்பதற்கான இன்றைய விளக்கம் பெரிதும் இந்தப் பிளவை ஆராய்ந்ததில் பிறந்தது.

1906 ஏப்ரல் 18 அதிகாலையில் சான் பிரான்சிஸ்கோ நகரைச் சிதைத்த நடுக்கத்தில் (அளவு சுமார் 7.9) இப்பிளவு 470 கி.மீ.க்கு மேல் உடைந்தது. டொமாலிஸ் விரிகுடா அருகே ஒரு சாலை துண்டாகி 6 மீட்டர் அளவுக்கு விலகிப்போனது. நிலம் குலுங்குவதால்தான் பிளவு உண்டாகிறது என்று அதுவரை பலர் நம்பினர். பிளவில் ஏற்படும் பெயர்ச்சியே நடுக்கத்துக்குக் காரணம் என்று ஜப்பானிய நிலவியலாளர் புஞ்சிரோ கோட்டோ, தம் நாட்டில் 1891ஆம் ஆண்டு நேர்ந்த மினோ-ஓவாரி நடுக்கத்தை ஆராய்ந்து முன்பே சொல்லியிருந்தார். ஆனால், அது நடக்கும் விதத்தை விளக்கியவர் அமெரிக்கப் புவி இயற்பியலாளர் ஹாரி ஃபீல்டிங் ரீட். 1850கள் முதல் நடந்த நில அளவைகளை 1906க்குப் பிந்தைய அளவைகளோடு அவர் ஒப்பிட்டார். பிளவை விட்டுத் தள்ளியிருந்த இடங்கள் நடுக்கத்துக்கு முன்பே மெல்ல நகர்ந்திருந்தன. பிளவை ஒட்டிய நிலமோ உராய்வில் சிக்கி நின்று, நடுக்கத்தின்போது ஒரேயடியாகத் தாவியிருந்தது. சிக்கிய காலமெல்லாம் பாறை வளைந்து இறுக்கத்தைச் சேமிக்கிறது. உராய்வு தாங்காதபோது வளைத்த மூங்கில் விடுபட்டதுபோல் நிமிர்கிறது. வெளியேறும் ஆற்றலில் பெரும்பகுதி பாறையை நொறுக்குவதிலும் வெப்பத்திலும் செலவாகிறது. எஞ்சியதே அதிர்வலைகளாகப் பரவி நம்மை உலுக்குகிறது. ரீட் 1910இல் வெளியிட்ட இக்கருத்து ‘மீள்திறன் எதிர்விசைக் கோட்பாடு’ எனப்படுகிறது.

எனவே ஆபத்து, நகர்வில் இருப்பதைவிட நகர முடியாமல் சிக்கி நிற்பதில்தான் இருக்கிறது. சான் ஹுவான் பௌட்டிஸ்டாவுக்கும் பார்க்ஃபீல்டுக்கும் இடையே பிளவு ஓசையின்றி ஊர்ந்துகொண்டே இருப்பதால் அங்கே பெருநடுக்கம் பதிவாகவில்லை. வீட்டுச் சுவர்களும் நடைபாதைகளும் மட்டும் மெல்லக் கோணிக்கொண்டிருக்கின்றன. வடக்கிலும் தெற்கிலும் பிளவு இறுகிக் கிடக்கிறது. சுமார் 15 கி.மீ.க்குக் கீழே, சூட்டில் இளகிய பாறை உடையாமல் நெளிந்துகொடுக்கிறது.

இறுக்கம் சேரும் வேகம் தெரிந்தாலும் உடையும் நாளைக் கணிக்க முடிவதில்லை. ஊரும் பகுதி முடியும் பார்க்ஃபீல்டில் 1857, 1881, 1901, 1922, 1934, 1966 ஆகிய ஆண்டுகளில் நடுத்தர நடுக்கங்கள் வந்ததைக் கண்டு, அடுத்தது 1993க்குள் வரும் என்று அமெரிக்க நிலவியல் ஆய்வகம் அறிவித்துக் கருவிகளை நிறுவியது. அது வந்தது 2004 செப்டம்பர் 28இல். கருவிகளில் தெளிவான முன்னறிகுறி எதுவும் பதிவாகவில்லை.