மான் வேட்டைத் துவக்கும் அதன் தொலைகாட்டியும்

1608ஆம் ஆண்டில் ஒல்லாந்தில் அறிமுகமாகி, மறு ஆண்டில் கலிலியோவின் கையில் வானத்தை நோக்கித் திரும்பிய தொலைகாட்டி, பிற்காலத்தில் துவக்கின் மீதும் ஏறி அமர்ந்தது. அவ்வாறு அமர்ந்த நாள்முதல், எத்துணை மடங்கு பெருக்கிக் காட்டுகின்றதோ அத்துணை சிறந்தது அக்கருவி என்னும் எண்ணமும் வேட்டைக்காரரிடையே வேரூன்றியது. ஆயினும் அவ்வெண்ணம் எவ்விடத்துக்கும் பொருந்துவதன்று. ஐக்கிய அமெரிக்காவின் விவசாய மாநிலங்களில் நிகழ்ந்த மான் வேட்டையின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

அந்நாட்டின் வெண்வால் மான் 19ஆம் நூற்றாண்டின் முடிவில் பல மாநிலங்களில் அற்றுப்போகும் நிலையை அடைந்திருந்தது. இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் வரம்பின்றிக் கொன்றமையும், காடுகள் வயல்களாக மாறியமையுமே அதற்குக் காரணங்கள். அயோவா மாநிலம் 1898இல் மான் வேட்டையைத் தடைசெய்தது. சட்டத்தை மீறிக் கொன்ற விலங்குகளை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசென்று விற்பதை 1900ஆம் ஆண்டின் லேசி சட்டம் குற்றமாக்கியது. இவ்வாறு காக்கப்பெற்ற மான்கள் மெல்ல மெல்லப் பெருகின. ஒகையோவில் 1943இலும், இந்தியானாவில் 1951இலும், அயோவாவில் 1953இலும், இல்லினொயில் 1957இலும் கட்டுப்பாடுகளுடன் வேட்டைக்காலம் மீண்டும் திறக்கப்பட்டது.

மான்கள் மீண்டன, ஆனால் அவை மீண்ட நிலமோ பழைய நிலமன்று. எங்கும் சமவெளி, வயல்களுக்கு நடுவே வீடுகள், பாதைகள், பள்ளிக்கூடங்கள். றைபிளின் குண்டோ குறி தப்பினால் ஒரு மைலுக்கு அப்பாலும் செல்லவல்லது. மரச்செறிவுக்குப் பின்னால் யார் நிற்கின்றார் என்பதைச் சுடுபவர் அறியார். ஆதலின், மானைச் சுடுவதற்கு றைபிளை விலக்கி, வேட்டைத் துவக்கையே பயன்படுத்தவேண்டுமென அம்மாநிலங்கள் விதித்தன.

வேட்டைத் துவக்கின் குழல் உட்புறம் வழுவழுப்பானது. பறவைகள் மீது சன்னங்களைப் பரப்புவதற்கென அமைந்தது. மானைக் கொல்லச் சன்னங்கள் போதா; பல வேளைகளில் அவை மானைக் காயப்படுத்தித் துன்புற்று அலையவே விடும். இக்குறையைத் தீர்க்கவே ஒற்றை ஈயக் குண்டு தோன்றியது. ஜேர்மனியில் வில்ஹெல்ம் பிரெனெக்கே என்பார் 1898இல் அத்தகைய குண்டொன்றை அமைத்தார். அமெரிக்காவில் கார்ல் பொஸ்ரர் 1931இல் அமைத்த குண்டை, வின்செஸ்டர் நிறுவனம் 1936இல் விற்பனைக்குக் கொணர்ந்தது. பொஸ்ரர் குண்டின் பாரம் முன்புறத்தே திரண்டிருக்கும். பின்புறம் குடைவாக இருக்கும். எனவே அது புரளாமல் நேரே செல்லும். ஆயினும் அதன் வேகம் விரைவிற் குறைந்துவிடும். வழுவழுப்பான குழலிலிருந்து 50 யார் முதல் 75 யார் வரையிலேயே அதனை நம்பிச் சுடலாம்.

குண்டு மாறியது, குறிபார்க்கும் முறையோ மாறவில்லை. குழலின் நுனியிலிருந்த சிறு மணியொன்றே துணையாயிற்று. பறக்கும் பறவைக்கு அம்மணி போதும். ஒற்றைக் குண்டுக்குப் போதாது. 1959இல் இதாக்கா நிறுவனம், றைபிளுக்குரிய முன்குறியும் பின்குறியும் பூட்டிய மான் வேட்டைத் துவக்கை வெளியிட்டது. அடுத்த படியே தொலைகாட்டி.

துவக்கின் தொலைகாட்டி அதற்குள் நூறாண்டு வளர்ச்சியைக் கண்டிருந்தது. நியூ யோர்க் மாநிலத்தின் சிரக்கியூஸ் நகரில் வில்லியம் மல்கம் 1855இல் அதனைச் செய்யத் தொடங்கினார். 1930இல் வில்லியம் வீவர் 19 டொலருக்கு விற்ற சிறு தொலைகாட்டி அதனைச் சாதாரண மக்களின் கைக்குக் கொணர்ந்தது. 1947இல் லியூபோல்ட் நிறுவனம் நைதரசன் வாயுவை உள்ளே அடைத்து, வில்லைகளிற் பனிமூட்டம் படியாத தொலைகாட்டியை ஆக்கியது.

இனி, ஒற்றைக் குண்டுத் துவக்குக்கு ஏற்றது எது? 9 மடங்கு பெருக்கும் தொலைகாட்டியில் 100 யார் தூரத்தில் ஏறத்தாழ 14 அடி அகலமே தெரியும். 2 மடங்கு பெருக்குவதில் 40 அடிக்கு மேல் தெரியும். புதரிலிருந்து பாயும் மானை முன்னையதிற் தேடுபவர் மரப்பட்டையையே காண்பார். பின்னையது மானையும், அதன் பின்னே இருக்கும் வீட்டையும் வேலியையும் சேர்த்துக் காட்டும். மான் நடமாடும் வைகறையிலும் அந்தியிலும், ஒரே அளவான முகப்பு வில்லையுடன் குறைந்த பெருக்கமே கண்ணுக்கு மிகுந்த ஒளியைத் தரும்.

வேறு மூன்று கவனங்களும் உண்டு. இத்துவக்கின் பின்னுதைப்பு வலியது. ஆதலின் கண்ணுக்கும் வில்லைக்குமிடையே மூன்றரை அல்லது நான்கு அங்குல இடைவெளி வேண்டும். இன்றேல் புருவம் காயப்படும். இடமாறு தோற்ற வழு, றைபிளுக்குப்போல் 100 யாரிலோ அதற்கு அப்பாலோ அன்றி, ஏறத்தாழ 75 யாரில் நீக்கப்பட்டிருத்தல் நன்று. கழற்றிப் பூட்டும் குழல் சற்றே அசையுமாதலால், தொலைகாட்டியைத் துவக்கின் உடலில் அன்றி, குழலோடு இணைந்து பின்னோக்கி நீண்ட தாங்கியிற் பொருத்துவது சிறந்தது.

1980ஆம் ஆண்டுகளிற் சுருள் தவாளிப்புடைய குழலும் பிளாத்திக்கு உறையிட்ட குண்டும் பரவின. எட்டும் தூரம் 150 யார் வரை நீண்டது. அதற்கேற்பப் பெருக்கமும் சிறிது உயர்ந்தது. பின்னர் ஒகையோவும் மிச்சிகனும் 2014இலும், அயோவா 2017இலும், நேர்ச்சுவர்த் தோட்டாக்களைச் சுடும் றைபிள்களை அனுமதித்தன. அவற்றின் குண்டும் நெடுந்தூர றைபிளின் குண்டைப்போல் வெகுதொலைவு செல்வதன்று. சட்டத்தின் வாசகம் மாறியது. அதன் கவலை மாறவில்லை.

எக்காலத்தும் மாறாத விதியொன்றுண்டு. அசைவது மானா, மனிதனா என்று அறிவதற்குத் துவக்கின் தொலைகாட்டியைத் திருப்புதல் ஆகாது. அவ்வாறு செய்பவர் அறியாத ஒருவரை நோக்கித் துவக்கையே நீட்டுகின்றார். அப்பணிக்குக் கையிற் பிடிக்கும் இருகண் தொலைகாட்டி உண்டு. முதலில் அறிதல், பின்னரே குறிபார்த்தல் என்ற ஒழுங்கு தவறினால், எத்துணை நல்ல வில்லையும் உயிரைக் காவாது.