மரத்தின் காயமும் டியூபின் ஓட்டையும்

  

சைக்கிள் டியூபில் ஓட்டை விழுந்தால் என்ன செய்கிறோம்? வாளித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்து, தேய்த்து, சொலூஷன் தடவி, துண்டு ஒட்டுகிறோம். "இதிலே என்ன வாத்தியாரே சரித்திரம்?" என்று கேட்கலாம். இருக்கிறது, அது நம்முடைய சரித்திரம்.

1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் இளகாது என்று கண்டார். 1888-இல் ஜான் டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமம் பெற்றார். அதற்கு முன்பே, 1877-இல், 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்திருந்தன. அந்த மரம் பெருகி ஜொகூர் வரை பரவியது. பால் வெட்ட நம் முன்னோர் கப்பலேறி வந்தார்கள்.

1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். ஆயிரக்கணக்கானோர் சைக்கிளிலேயே தெற்கு நோக்கி வந்தனர். வெயிலில் டியூப்கள் ஓயாமல் பஞ்சராயின. ஒவ்வொரு கம்பெனியிலும் பழுது பார்க்கக் குறைந்தது இருவர் இருந்தனர் என்றும், ஒருவர் நாளுக்குச் சுமார் இருபது சைக்கிள் சரிசெய்தார் என்றும் ஜப்பானிய ராணுவ அதிகாரி மசானொபு சுஜி எழுதியிருக்கிறார். ஒட்ட நேரமில்லாதபோது டயரைக் கழற்றிப் போட்டு, வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். இரவில் அந்தச் சத்தம் டாங்கி வருவதுபோல் கேட்டதாம். உலகுக்கே ரப்பர் கொடுத்த மண்ணில் டயரில்லாத சைக்கிள்! 1942 ஜனவரி 31-இல் ஜொகூர் பாலம் தகர்க்கப்பட்டது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதன்பின் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டனர். திரும்பாதவர் எத்தனையோ பேர்.

இன்று ஜொகூரில் பல இடங்களில் ரப்பர் நின்ற நிலத்தில் செம்பனை நிற்கிறது. ஆனாலும் பால் நம்மை விடவில்லை. டியூபுக்குள் ஊற்றும் ஓட்டையடைக்கும் திரவங்கள் பலவற்றில் இருப்பது ரப்பர் பால்தான். மரத்தைக் கீறினால் பால் வடிந்து, காயத்தின்மேல் உறைந்து மூடுகிறதல்லவா? அதே வேலையை டியூபிலும் செய்கிறது. முள் குத்தினால் சக்கரத்தைச் சுற்றி, ஓட்டையைக் கீழ்ப்பக்கம் வையுங்கள்; சிறு ஓட்டை தானே அடைபடும்.

பெரிய ஓட்டைக்குத் துண்டுதான் ஒட்ட வேண்டும். அப்போது ஓட்டையை மேல்பக்கம் திருப்புங்கள். திரவம் அடியில் தங்கும். கசிந்ததைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, நன்றாக உலர்த்தித் தேயுங்கள். சொலூஷன் காய்ந்த பிறகே துண்டை அழுத்துங்கள். ஈரத்தின்மேல் ஒட்டினால் நிற்காது, மறுபடி கிளம்பிவிடும்.

பெரியோர்களே, நம் குடும்பங்களின் காயங்களும் அப்படித்தான். பேசாமல் மூடி வைத்தால் ஆறுவதில்லை. ஜப்பான்காரன் காலத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இப்போது மிகச் சிலரே. மாணவர்களே, இன்று இரவே வீட்டுப் பெரியவர்களிடம் போய், "நம்ம வீட்டிலே யார் சயாமுக்குப் போனாங்க?" என்று கேளுங்கள். பெயரை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அது மறைந்துபோனால், ஒட்டுவதற்கு எந்தச் சொலூஷனும் கிடையாது.