மார்ச் 1 மாலை வரும் ஒரு இமெயில்: இங்கிலாந்தில் பெற்றோர் ஏன் இப்படிப் பதறுகிறார்கள்? 'ஆஃபர் டே' முழு விளக்கம்

மார்ச் 1-ம் தேதி மாலை. லண்டனில் ஹாரோ, வெம்பிளி, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் என்று தமிழர்கள் அதிகம் வாழும் பகுதிகளில், பத்து பதினோரு வயதுப் பிள்ளை இருக்கும் வீடுகளில் அன்று யாரும் போனைக் கீழே வைப்பதில்லை. இமெயிலை ரெஃப்ரெஷ் செய்துகொண்டே இருப்பார்கள். இன்னொரு பக்கம் வாட்ஸ்அப் குரூப்பில் கேள்வி மேல் கேள்வி. "உங்கட மகனுக்கு எது கிடைச்சது?" "எங்களுக்கு இன்னும் வரேல்ல."

தமிழர்கள் மட்டுமல்ல, அன்று இங்கிலாந்து முழுக்க இதே நிலைதான். செப்டம்பரில் பிள்ளை எந்த மேல்நிலைப் பள்ளிக்குப் போகப் போகிறது என்பது தெரியும் நாள் அது. 'நேஷனல் ஆஃபர் டே' என்று அதற்குப் பெயர்.

இந்த இடம் எப்படி முடிவாகிறது? ஃபார்மில் முதலில் எழுதிய பள்ளி ஏன் சிலருக்குக் கிடைப்பதில்லை? கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டதா? விரிவாகப் பார்ப்போம்.

ஆஃபர் டே என்றால் என்ன?

இங்கிலாந்தில் பிள்ளைகள் ஆரம்பப் பள்ளியில் 6-ம் ஆண்டு வரை படிக்கிறார்கள். 11 வயதில், 7-ம் ஆண்டுக்கு வேறு பள்ளிக்கு மாற வேண்டும். அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளில் கட்டணம் கிடையாது. ஆனால் இடத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

விண்ணப்பத்தைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை. குடும்பம் வசிக்கும் பகுதியின் கவுன்சிலுக்கு அனுப்ப வேண்டும். கடைசி நாள் முந்தைய ஆண்டு அக்டோபர் 31. லண்டனில் 6 பள்ளிகள் வரை வரிசைப்படுத்தி எழுதலாம். லண்டனுக்கு வெளியே பல கவுன்சில்களில் 3 அல்லது 4.

முடிவு மார்ச் 1-ல் வரும். அன்று விடுமுறை என்றால் அடுத்த வேலை நாளில். 2025-ல் மார்ச் 1 சனிக்கிழமை என்பதால் திங்கள்கிழமை, மார்ச் 3-ல்தான் முடிவு வந்தது. அன்று எந்த நேரத்தில் வரும் என்பது கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். லண்டனில் மாலையில் வரும்.

ஆக, அக்டோபர் 31-க்கும் மார்ச் 1-க்கும் நடுவே நான்கு மாதங்கள். அந்த நாட்களில் பெற்றோர் செய்ய ஒன்றுமே இல்லை. காத்திருப்பின் பதற்றத்துக்குப் பாதிக் காரணம் இதுதான்.

இடத்தை யார் முடிவு செய்கிறார்கள்?

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். இலங்கையில் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையைப் பார்த்து வளர்ந்த பெற்றோர், இங்கேயும் மார்க்தான் முடிவு செய்யும் என்று நினைப்பதுண்டு. இங்கிலாந்தின் பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் இடத்துக்கும் மார்க்குக்கும் சம்பந்தமே இல்லை. தலைமை ஆசிரியர் நேர்முகத் தேர்வு வைத்து பிள்ளையைத் தேர்வு செய்வதும் கிடையாது.

ஒவ்வொரு பள்ளிக்கும் இத்தனை இடங்கள் என்று முன்பே அறிவிக்கப்பட்டிருக்கும். அதைவிட அதிகம் பேர் கேட்டால், பள்ளி முன்பே வெளியிட்டுள்ள விதிகளின்படி பிள்ளைகளை வரிசைப்படுத்துவார்கள். வழக்கமான வரிசை இதுதான்:

• அந்தப் பள்ளியின் பெயர் குறிப்பிடப்பட்ட சிறப்புக் கல்வித் தேவைத் திட்டம் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு இடம் கொடுத்தே ஆக வேண்டும். இவர்களுக்கான நடைமுறை தனி. எந்தப் பள்ளி என்பது பிப்ரவரி 15-க்குள் முடிவாக வேண்டும்.
• பெற்றோரிடம் இல்லாமல் கவுன்சிலின் பராமரிப்பில் வளரும் பிள்ளைகள், முன்பு அப்படி வளர்ந்த பிள்ளைகள்.
• அதே பள்ளியில் ஏற்கெனவே அண்ணனோ அக்காவோ படிக்கும் பிள்ளைகள்.
• மருத்துவ அல்லது சமூகக் காரணத்தால் அந்தப் பள்ளிதான் தேவை என்று ஆவணத்தோடு காட்டக்கூடியவர்கள்.
• மீதி இடங்கள், வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரத்தின்படி.

இந்த வரிசை பள்ளிக்குப் பள்ளி மாறும். கத்தோலிக்கப் பள்ளி என்றால் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கலாம். சில பள்ளிகள் பகுதிக்குள் குலுக்கல் போடுகின்றன. பிரைட்டன் நகரில் 2008 முதல் குலுக்கல் முறை வந்தது. சில பள்ளிகள் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு தேர்வு வைத்து, எல்லாத் திறன் நிலைகளிலிருந்தும் சம அளவில் எடுக்கின்றன.

மதப் பள்ளிகளுக்கும் இன்னும் சில பள்ளிகளுக்கும், கவுன்சில் விண்ணப்பம் தவிர தனியாக ஒரு துணைப் படிவமும் கொடுக்க வேண்டும். இதை மறந்துவிடுகிறவர்கள் பலர். அப்படி மறந்தால் பிள்ளையின் பெயர் வரிசையில் கீழே போய்விடும்.

முதல் இடத்தில் எழுதினால்தான் கிடைக்குமா?

இல்லை. ஒவ்வொரு ஆண்டும் அதிகம் சுற்றும் தவறான தகவல் இதுதான். "பெரிய பள்ளியை முதல்ல போட்டு கிடைக்காம போச்சுன்னா, இரண்டாவது பள்ளியும் கோவிச்சுக்கும்" என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. பழைய காலத்தில் சில இடங்களில் நிஜமாகவே அப்படி இருந்தது. 2007-ல் வந்த சேர்க்கை விதிமுறைகள் அதற்குத் தடை போட்டுவிட்டன.

இப்போது, நீங்கள் எந்தப் பள்ளியை எத்தனையாவதாக எழுதினீர்கள் என்பது பள்ளிக்கே தெரியாது. எல்லா விருப்பங்களும் சமமாகவே பார்க்கப்படும். ஒரு கற்பனை உதாரணம் பார்ப்போம்.

ஒரு பெற்றோர் மூன்று பள்ளிகளை எழுதுகிறார். முதல் பள்ளியில் 180 இடங்கள். விதிகளின்படி அவர் பிள்ளை அங்கே 195-வது. இடம் இல்லை. இரண்டாவது பள்ளியில் 210 இடங்கள், பிள்ளை 150-வது. இடம் உண்டு. மூன்றாவது பள்ளியில் 180 இடங்கள், பிள்ளை 20-வது. அங்கேயும் இடம் உண்டு.

இப்போது கம்ப்யூட்டர் என்ன செய்யும்? இடம் கிடைக்கும் பள்ளிகளில், பெற்றோரின் பட்டியலில் மேலே இருப்பதைக் கொடுக்கும். அதாவது இரண்டாவது பள்ளி. மூன்றாவதில் இருந்த இடம் உடனே வரிசையில் அடுத்த பிள்ளைக்குப் போகும்.

முதல் பள்ளியை ஆசைப்பட்டு எழுதியதால் இரண்டாவது பள்ளி கைவிட்டுப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். அதனால் நிஜமான விருப்ப வரிசையில் எழுதுவதுதான் சரி.

அப்போ தவறு எங்கே நடக்கிறது? எட்டாத பள்ளிகளை மட்டுமே எழுதும்போது. "ஒரே பள்ளியை மட்டும் போட்டா வேற வழியில்லாம கொடுத்துடுவாங்க" என்பதும் தவறு. எழுதிய எதிலும் இடம் இல்லை என்றால், எங்கே காலி இருக்கிறதோ அந்தப் பள்ளியைக் கவுன்சில் கொடுக்கும். அது பெற்றோர் ஒருமுறைகூடப் போய்ப் பார்க்காத பள்ளியாக இருக்கலாம். இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்திலும் இருக்கலாம்.

எத்தனை பேருக்கு முதல் விருப்பம் கிடைக்கிறது?

சமீப ஆண்டுகளில் இங்கிலாந்து முழுக்க 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு முதல் விருப்பப் பள்ளியே கிடைத்திருக்கிறது. லண்டனில் நெருக்கடி அதிகம். அங்கே சுமார் 70 சதவீதம்தான். அதாவது, லண்டனில் ஒரு வகுப்பில் 30 பேர் இருந்தால், சராசரியாக 9 பேருக்கு முதல் விருப்பம் கிடைக்காது.

அதற்காக அந்த 9 பேருக்கும் மோசமான பள்ளி என்று அர்த்தம் இல்லை. பெரும்பாலோருக்குப் பட்டியலில் அடுத்தடுத்து எழுதிய பள்ளி கிடைக்கும்.

தூரம் ஏன் இவ்வளவு பெரிய பிரச்னை?

பேர் பெற்ற பள்ளிகளில், கடைசி இடத்தை முடிவு செய்வது சில மீட்டர்கள்தான். ஒரே தெருவின் இந்த முனையில் இருக்கும் பிள்ளைக்கு இடம் கிடைக்கும், அந்த முனையில் இருக்கும் பிள்ளைக்குக் கிடைக்காது. அதனால் அப்படிப்பட்ட பள்ளிகளைச் சுற்றி வீட்டு விலையும் வாடகையும் ஏறிவிடுகின்றன. கட்டணம் இல்லாத பள்ளிதான். ஆனால் அதன் பக்கத்தில் குடியிருக்கக் காசு வேண்டும் என்ற விமர்சனம் இங்கிலாந்தில் நெடுநாளாக உண்டு.

இன்னொரு சிக்கல். போன ஆண்டு எவ்வளவு தூரம் வரை இடம் கொடுத்தார்கள் என்பது இந்த ஆண்டுக்கு உத்தரவாதம் இல்லை. அந்த ஆண்டில் தம்பி, தங்கைகள் அதிகம் விண்ணப்பித்தால் தூரத்துக்கான இடங்கள் குறையும். வட்டம் சுருங்கும்.

சிலர் உறவினர் வீட்டு முகவரியைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். கவுன்சில்கள் வரி விவரங்களை வைத்துச் சரிபார்க்கின்றன. பொய் முகவரி என்று தெரிந்தால், கொடுத்த இடத்தையே திரும்பப் பெறலாம்.

இந்தச் சோதனை எல்லை மீறியதும் உண்டு. 2008-ல் பூல் நகரக் கவுன்சில், ஒரு குடும்பம் நிஜமாகவே அந்த முகவரியில் இருக்கிறதா என்று பார்க்க, கிட்டத்தட்ட மூன்று வாரம் அவர்களை ரகசியமாகப் பின்தொடர்ந்தது. குடும்பத்தின் மீது தவறு இல்லை. அந்தக் கண்காணிப்பு சட்டத்துக்குப் புறம்பானது என்று 2010-ல் தீர்ப்பாயம் சொன்னது.

கிராமர் பள்ளிகள் என்றால் என்ன?

மார்க் பார்த்து எடுக்கும் அரசுப் பள்ளிகளும் கொஞ்சம் உண்டு. அவைதான் கிராமர் பள்ளிகள். இங்கிலாந்து முழுக்க 163 மட்டுமே. கென்ட், பக்கிங்ஹாம்ஷயர் பகுதிகளிலும், லண்டனில் சட்டன், பார்னெட் போன்ற இடங்களிலும் இருக்கின்றன. இவற்றுக்கு 'லெவன் பிளஸ்' என்ற நுழைவுத் தேர்வு. ஓரிரண்டு ஆண்டு டியூஷன் போய் இதை எழுதும் பிள்ளைகள் தமிழ்க் குடும்பங்களிலும் உண்டு.

தேர்வு பொதுவாக செப்டம்பரில் நடக்கும். விண்ணப்பக் கடைசி நாளுக்கு முன்பே முடிவு தெரிந்துவிடும். ஆனால் பாஸ் என்றால் இடம் உறுதி என்று அர்த்தம் இல்லை. இடங்களைவிட பாஸ் ஆனவர்கள் அதிகம் என்றால், மார்க் வரிசையோ தூரமோ மறுபடியும் குறுக்கே வரும். அக்டோபரில் பாஸ் என்று இனிப்பு கொடுத்த வீட்டில், மார்ச்சில் வேறு பள்ளியின் பெயர் வருவது இதனால்தான்.

விரும்பிய பள்ளி கிடைக்கவில்லை. இப்போது என்ன செய்வது?

முதலில், கிடைத்த இடத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். இதுதான் மிக முக்கியம். கோபத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் கையில் எந்தப் பள்ளியும் இல்லாமல் நிற்க நேரிடலாம். ஏற்றுக்கொண்டால் வேறு பள்ளிக்கு முயற்சி செய்யும் உரிமை போய்விடாது. பதில் சொல்லக் கடைசி நாள் கவுன்சில் அனுப்பும் கடிதத்திலேயே இருக்கும்.

இரண்டாவது, காத்திருப்போர் பட்டியல். மார்ச் முதல் செப்டம்பர் வரை இடங்கள் நகர்ந்துகொண்டே இருக்கும். சிலர் வீடு மாறுவார்கள், சிலர் தனியார் பள்ளிக்குப் போவார்கள். இந்தப் பட்டியல், யார் முதலில் பெயர் கொடுத்தார்கள் என்ற வரிசையில் இருக்காது. சேர்க்கை விதிகளின்படிதான் இருக்கும். அதனால் உங்களைவிடப் பக்கத்தில் வசிக்கும் ஒருவர் புதிதாகச் சேர்ந்தால், நீங்கள் 8-ல் இருந்து 9-க்குக் கீழே இறங்கவும் கூடும். குறைந்தது டிசம்பர் 31 வரை இந்தப் பட்டியலைப் பள்ளிகள் வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, மேல்முறையீடு. இடம் மறுத்த எந்தப் பள்ளிக்கு எதிராகவும் செய்யலாம். கட்டணம் இல்லை. இதற்குக் குறைந்தது 20 பள்ளி நாட்கள் அவகாசம் தர வேண்டும். விசாரிப்பது பள்ளியோ கவுன்சிலோ அல்ல, குறைந்தது மூன்று பேர் கொண்ட சுதந்திரக் குழு.

அந்தக் குழு இரண்டு விஷயங்களைப் பார்க்கும். ஒன்று, விதிகள் சரியாகப் பின்பற்றப்பட்டனவா? இரண்டு, இன்னொரு பிள்ளையைச் சேர்த்தால் பள்ளிக்கு வரும் சிரமத்தைவிட, இந்தப் பிள்ளைக்கு அந்தப் பள்ளி தேவைப்படும் காரணம் பெரிதா?

"அது நல்ல பள்ளி, எங்க பிள்ளை நல்லாப் படிக்கும்" என்பது மட்டும் போதாது. மருத்துவர் கடிதம், அந்தப் பள்ளியில் மட்டுமே இருக்கும் பாடம் அல்லது வசதி, குடும்பச் சூழல் என்று ஆதாரத்தோடு பேச வேண்டும். மேல்நிலைப் பள்ளி மேல்முறையீடுகளில் சுமார் ஐந்தில் ஒன்றுதான் வெற்றி பெறுகிறது. ஒரே பள்ளிக்கு ஒரே கல்வியாண்டில் பொதுவாக ஒருமுறைதான் வாய்ப்பு. மேல்முறையீடு செய்வதால் காத்திருப்போர் பட்டியலில் உங்கள் இடம் ஏறாது, இறங்கவும் செய்யாது.

நான்காவது, கிடைத்த பள்ளியை நேரில் போய்ப் பாருங்கள். பல பெற்றோர் நிராகரிப்பது பள்ளியை அல்ல, பத்து ஆண்டுக்கு முன் அதற்கு இருந்த பெயரைத்தான்.

பிள்ளையிடம் என்ன சொல்வது?

ரிசல்ட் வந்த மறுநாள் வகுப்பில் ஒரே பேச்சு: "உனக்கு எது?" நெருங்கிய நண்பர்கள் நாலு பேர் நாலு பள்ளிக்குப் பிரிவது தெரியும் நாளும் அதுதான். முந்தைய இரவு வீட்டில், "ஐயோ, அந்தப் பள்ளியா!" என்று அம்மா போனில் சொன்னதைக் கேட்ட பிள்ளை, செப்டம்பரில் அந்தப் பள்ளி வாசலுக்குள் அதே வார்த்தையோடுதான் போகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றைப் பிள்ளையிடம் தெளிவாகச் சொல்லலாம். பெரும்பாலான பள்ளிகளில் இந்த முடிவு தூரத்தையும் இடங்களின் எண்ணிக்கையையும் வைத்து வந்தது. பிள்ளையின் திறமைக்குப் போட்ட மார்க் அல்ல.

நினைவில் வைக்க வேண்டிய தேதிகள்

• செப்டம்பர்: விண்ணப்பம் தொடக்கம், பள்ளிகளை நேரில் பார்க்கும் நாட்கள்
• அக்டோபர் 31: மேல்நிலைப் பள்ளி விண்ணப்பக் கடைசி நாள். தகுந்த காரணம் இல்லாமல் தாமதித்தால், நேரத்துக்கு அனுப்பியவர்களுக்குப் பிறகுதான் உங்கள் முறை
• மார்ச் 1 அல்லது அடுத்த வேலை நாள்: முடிவு
• மார்ச் – ஏப்ரல்: இடத்தை ஏற்பது, மேல்முறையீடு அனுப்புவது
• டிசம்பர் 31: குறைந்தது இந்த நாள் வரை காத்திருப்போர் பட்டியல் உயிரோடு இருக்கும்