மண் குடிக்கும் வேகம்

2003ஆம் ஆண்டு தமிழக அரசு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, தியாகராய நகரில் நான் குடியிருந்த வாடகை வீட்டின் பின்புறத்திலும் ஒரு குழி தோண்டினார்கள். கருங்கல் ஜல்லி, கூழாங்கல், மேலே மணல் என எல்லாம் முறைப்படிதான். முதல் நல்ல மழையிலேயே நிரம்பிய குழி மூன்று நாள் கொசுக்களை வளர்த்துக்கொண்டு அப்படியே நின்றது. அதே அளவில் வெட்டிய குழி திருவான்மியூரில் நண்பர் வீட்டில் பெய்ததையெல்லாம் குடித்துவிட்டு ஈரமணலாகக் கிடந்தது. இரண்டு இடங்களிலும் தோண்டுவதற்கு முன் மண்ணை யாரும் சோதிக்கவில்லை.

மண்ணிடம் இக்கேள்வியை முறையாகக் கேட்டவர்களில் முன்னவர் ஹென்றி டார்சி. பிரான்சின் திஜோன் நகரத்துக்காரர், பொறியாளர். 1840இல் ரோசுவார் ஊற்றிலிருந்து தம் ஊருக்குக் குடிநீர் கொண்டுவந்தவர். 1855, 1856ஆம் ஆண்டுகளில் அவ்வூர் மருத்துவமனை முற்றத்தில், இரண்டரை மீட்டர் உயரமும் 35 சென்டிமீட்டர் விட்டமும் கொண்ட இரும்பு உருளையை நிறுத்தி, அதில் சோன் ஆற்று மணலை நிரப்பி, நீர் கீழிறங்குவதை அளந்தார். மழைநீரைப் பற்றிய கவலை அவருக்கில்லை. குடிநீர் வடிகட்டிக்கு எவ்வளவு மணல் வேண்டும் என்பதே கேள்வி. நீர் செல்லும் வேகம் மட்ட வேறுபாட்டுக்கு நேர்விகிதத்திலும், மணல் அடுக்கின் தடிமனுக்குத் தலைகீழ் விகிதத்திலும் அமையும் என்று கண்டார். மண்ணுக்கு மண் மாறும் ஒரு பெருக்கெண் மட்டும் எஞ்சியது. திஜோன் நீர் வழங்கல் பற்றி 1856இல் வெளிவந்த பெருநூலின் பின்னிணைப்புக் குறிப்பொன்றில் இருந்தது இது. இரண்டே ஆண்டுகளில் அவர் மறைந்தார். நிலத்தடி நீரியல் இன்றும் அந்தப் பின்னிணைப்பின் மேல்தான் நிற்கிறது.

ஆனால் உருளைக்குள் இருந்தது நீரில் ஊறிய மணல். வானம் பார்த்த மண் வேறு. அமெரிக்க நீரியலாளர் ராபர்ட் ஹார்ட்டன் 1933இல் அதை எடுத்துரைத்தார்: மழை தொடங்கும்போது மண் ஆவலோடு குடிக்கிறது, நேரம் செல்லச் செல்ல வேகம் தணிந்து ஒரு நிலைத்த அளவில் வந்து நிற்கிறது. துளிகள் மேற்பரப்பை அடித்து இறுக்குகின்றன, நுண்துகள்கள் துளைகளை அடைக்கின்றன, களித்துகள்கள் உப்புகின்றன. அந்த வேகத்தை மிஞ்சிப் பெய்வதுதான் வெள்ளமாக ஓடுகிறது. ஆகவே மழைநீர்க் குழியை வடிவமைப்பவருக்கு முதல் பத்து நிமிடத்து வேகம் உதவாது. களைத்த மண்ணின் வேகமே வேண்டும்.

சோதனை முறைகள் எல்லாம் இந்தக் களைப்பை வரவழைக்கும் உபாயங்களே. ஒன்றினுள் ஒன்றாக இரண்டு இரும்பு வளையங்களை மண்ணில் அடித்து இறக்கி, இரண்டிலும் நீர் ஊற்றுவார்கள். வெளிவளையத்து நீர் பக்கவாட்டுக் கசிவை ஈடுசெய்ய, உள்வளையத்து நீர் நேர்கீழாக இறங்கும் வேகத்தை அளப்பார்கள். பிரிட்டனின் கட்டட ஆய்வு நிறுவனம் 1991இல் வெளியிட்ட வழிகாட்டி இன்னும் கறாரானது: குழியை வெட்டி மூன்று முறை நிரப்பு, மூன்றிலும் குறைந்த வேகத்தையே கணக்கில் கொள் என்றது. நம் ஊர் மேஸ்திரிகளிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

நகரத்து மண்ணின் குணத்தைக் காட்டியது, அலபாமா மாநிலத்தில் ராபர்ட் பிட் குழுவினர் நடத்தி 1999இல் வெளியான ஆய்வு. மனிதர் நடமாடி, வண்டி ஏறி, மேடுபள்ளம் நிரவப்பட்ட நிலங்களில் 150க்கும் மேற்பட்ட வளையச் சோதனைகள். இறுகாத மணல் மணிக்குச் சராசரியாகச் சுமார் 330 மில்லிமீட்டர் குடித்தது. அதே வகை மணல் இறுகியிருந்தால் சுமார் 36தான். களிமண்ணோ, இறுகாமல் காய்ந்திருந்தபோது ஏறத்தாழ 250. ஈரமாகவோ இறுகியோ இருந்தால் வெறும் 5! மணலுக்கு எதிரி மிதிபடுதல். களிமண்ணுக்கு மிதிபடுதலும் ஈரமும். மண் வரைபடத்தில் 'மணல்' என்று எழுதியிருப்பதை நம்பி, கட்டுமான லாரிகள் ஆறு மாதம் நின்ற இடத்தில் குழி வெட்டினால் பத்தில் ஒரு பங்குதான் இறங்கும்.

சென்னையிலும் திருவான்மியூர், கொட்டிவாக்கம் மணற்பாங்கு, அண்ணா நகர், விருகம்பாக்கம் களிமண், கிண்டி, வேளச்சேரி பாறை என்ற பொதுவான பகுப்பு உண்டு. பயனுள்ளதுதான். ஆனால் ஒவ்வொரு மனைக்கும் அதன் கதை தனி. தியாகராய நகர் 1920களில் நீரை வடித்துவிட்டு நிரவப்பட்ட ஓர் ஏரியின் மேல் எழுந்தது. தண்ணீரைத் தேக்கியே பழகிய நிலத்தில்தான் எங்கள் குழியை வெட்டியிருந்தார்கள்.

அடுத்த சித்திரையில் வீட்டுக்காரர் ஒரு காரியம் செய்தார். என் புலம்பலைக் கேட்டுச் சலித்து, ரப்பர் குழாயைக் குழிக்குள் விட்டு அரைமணி நேரம் தண்ணீரைத் திறந்துவிட்டார். வெயிலில் காய்ந்து வெடித்துக் கிடந்த களிமண் மளமளவென்று இழுத்துக்கொண்டது.

“பாருங்க சார், குழியில ஒரு குறையும் இல்லை” என்றார்.