தொண்டைமானாறும் தோலடி மருந்தோட்டமும்

தொண்டைமானாறு பெயரளவில் ஆறு. உண்மையில் அது வடமராட்சிக் கடனீரேரி கடலொடு கலக்கும் வாய். உப்பேற்றும் மரக்கலங்களுக்காகக் கருணாகரத் தொண்டைமான் அதனை ஆழப்படுத்தினான் என்பது செவிவழி மரபு. தடுப்பணையை மறந்து நோக்கின், மாரியில் நீர் வருவதும் கடலுக்கு வடிவதும் ஒருங்கே நிகழும். மட்டம் உயர உயர வடிதலும் விரையும்; வரவும் செலவும் ஒத்தவிடத்து மட்டம் நிலைகொள்ளும். உடலிற் புகுந்த மருந்தின் போக்கைக் கணிதத்தால் விளக்கியோர் கண்டதும் இத்தகையதொரு காட்சியே.

தோலின்கீழ் மருந்து செலுத்தும் வழக்கம் பழையதன்று. 1844இல் டப்ளினில் பிரான்சிஸ் றைண்ட், நோவுற்ற நரம்பின் அருகே மோர்பினை வடியவிட்டார். அவர் கருவியில் உந்துதண்டு இல்லை, மருந்து தன் பாரத்தால் இறங்கிற்று. 1853இல் எடின்பரோவில் அலெக்சாண்டர் வூட் பீச்சுகுழலைக் கையாண்டார். இடைப்பட்ட 1847இலேயே வைத்தியர் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து நூல்களும் ஆக்கிய அவர் வழிவந்த நமக்கு, இப்பொருளைத் தமிழில் எழுதுவது புதுமையாகத் தோன்ற வேண்டியதில்லை.

எவ்வளவு மருந்து, எத்துணை நேரம் குருதியில் நிற்கும்? 1937இல் சுவீடன் நாட்டு உப்சாலாவைச் சேர்ந்த தோர்ஸ்ரன் தியொரெல் இவ்வினாவிற்கு இரு கட்டுரைகளில் விடை கண்டார். தோலடித் தேக்கம், குருதி, இழையம் எனத் தனித்தனி அறைகளை வகுத்து, அவற்றிடையே நிகழும் பெயர்ச்சியையும் சிறுநீரக வெளியேற்றத்தையும் வகையீட்டுச் சமன்பாடுகளால் தொடுத்தார். நெடுங்காலம் அவற்றைப் பொருட்படுத்தினோர் சிலரே. 1953இல் ஜெர்மானியரான டொஸ்ற் எழுதிய நூலே மருந்தியக்கவியல் என்னும் பெயரை நிலைநாட்டியது.

கருவி பின்னர் வந்தது. தலசீமியா நோயாளருக்குக் குருதியேற்றத்தால் மிகும் இரும்பை அகற்றும் டெஸ்பெரியொக்சமீன், குருதியினின்று விரைவில் நீங்கிவிடும். ஆதலின் ஒரே ஊசியாக இடுவதிலும், இரவு முழுதும் தோலடியில் மெல்ல ஓடவிடுவதே பயன்மிக்கது. 1976இல் இம்முறை பற்றிய ஆய்வு இலண்டனிலிருந்து வெளிவந்தது. இத்தேவைக்கே மார்ட்டின் றைற் சிறிய மின்கல உந்துகருவியை அமைத்தார். 1979இல் பற்றிக் றசல் அதனை இறுதிநிலைப் புற்றுநோயாளரின் நோவு தணிக்கப் பயன்படுத்தியதை எழுதினார்.

இங்கேதான் சமன்பாடு நோயாளியின் படுக்கையை அணுகுகிறது. ஓட்டவீதி இறுதி மட்டத்தைத் தீர்மானிக்கும்; அம்மட்டத்தை அடையும் காலத்தையோ வடிதலே தீர்மானிக்கும். மோர்பினின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 2 முதல் 3 மணி நேரம். ஓர் அரைவாழ்வில் இறுதி மட்டத்தின் 50 வீதமும், நான்கில் ஏறத்தாழ 94 வீதமும் கிட்டும். மாலையிற் கருவியைப் பொருத்தினால் நள்ளிரவிலும் நோவு முற்றாகத் தணியாதிருக்கலாம். பொறுமையிழந்து வீதத்தை இரட்டித்தால், காலையில் மட்டமும் இருமடங்கை நெருங்கும். மூச்சு அடங்கும் இடர் அப்போது நேரும். ஆகவே, தொடக்கத்தில் ஒரு தனி ஊசியால் ஏரியை ஓரளவு நிரப்பிவிட்டு, ஓட்டத்தை அளவாக விடுதலே தக்கது.

சிறுநீரகம் தளர்ந்தவரிடத்து, மோர்பினிலிருந்து ஈரலில் உண்டாகும் வீரியமிக்க வழிப்பொருள் வெளியேற வழியின்றித் தேங்கும். வாய் குறுகினால் மட்டம் உயர்வதோடு, அது நிலைகொள்ளும் காலமும் நீளும். முதல்நாள் தீங்கற்றதாகத் தோன்றிய வீதம் மூன்றாம் நாளில் மயக்கத்தைத் தருவது இதனாலேயே.