பழைய வீடும் புதிய அறையும்: மஸ்ஜிதுந் நபவி கற்றுத்தரும் பாடம்

ஓசூரில் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை உருவானது முதல் சுற்றுவட்டாரத்தில் மனைக்கும் வாடகைக்கும் மதிப்பு ஏறியது. பாகலூரில் பாட்டனார் கட்டிய ஓட்டு வீட்டோடு கான்கிரீட் அறைகளைச் சேர்ப்பது இன்று நமக்குப் பழகிய காட்சி. எதைக் காப்பது, எதை மாற்றுவது, யாரிடம் இசைவு கேட்பது? இக்கேள்விகளை மதீனா முன்பே சந்தித்தது.

நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசல் சுடாத செங்கல் சுவரும், பேரீச்ச மரத் தூண்களும், ஓலைக் கூரையும் கொண்டது. அபூபக்ர் (ரலி) அதில் எதையும் கூட்டவில்லை. உமர் (ரலி) ஹிஜ்ரி 17இல் அதை விரிவாக்கினார்கள். ஆயினும் பழைய அமைப்பின்படியே செங்கல்லும் ஓலையும் கொண்டு கட்டினார்கள். உஸ்மான் (ரலி) ஹிஜ்ரி 29இல் செதுக்கிய கல்லாலும் சுண்ணத்தாலும் சுவர் எழுப்பி, தேக்கால் கூரை வேய்ந்தார்கள். மக்களிடையே பேச்சு எழுந்தது. எனினும் அப்பணி நிறைவேறியது. ஆக, பழைய முறையில் கூட்டுவதற்கும் புதிய பொருளால் கட்டுவதற்கும் நம் முன்னோரிடம் முன்மாதிரி உண்டு.

உமர் (ரலி) காலத்து விரிவாக்கத்திற்கு அப்பாஸ் (ரலி) அவர்களின் வீடு தேவைப்பட்டது. அவர்கள் தர மறுத்தார்கள். வழக்கு உபை இப்னு கஅப் (ரலி) அவர்களிடம் சென்றது. தீர்ப்பு வீட்டுக்குரியவர் பக்கமே அமைந்தது. கலீஃபாவும் அதற்குக் கட்டுப்பட்டார்கள். அதன் பின்னரே அப்பாஸ் (ரலி) தம் வீட்டை மனமுவந்து தர்மமாக அளித்தார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

நாம் தவறும் இடம் இதுதான். வாப்பாவின் வீட்டில் சகோதரர்கள் மட்டும் கூடி மாடி எழுப்ப முடிவெடுக்கிறோம். மணமாகிச் சென்ற சகோதரியிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. பெற்றோர் விட்டுச் சென்றது குறைவாயினும் மிகுதியாயினும் பெண்களுக்கும் அதில் பங்குண்டு என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 7ஆம் வசனம். பங்கைப் பிரிக்காமல் கட்டிய அறை, நாளை வாடகை வரும்போது உறவைப் பிளக்கும்.

ஹிஜ்ரி 88இல் வலீதின் ஆணைப்படி, நபியின் மனைவியர் வாழ்ந்த சிற்றறைகள் இடிக்கப்பட்டுப் பள்ளிவாசலோடு சேர்க்கப்பட்டன. அவற்றை அப்படியே விட்டிருந்தால், நபியவர்கள் எவ்வளவு எளிமையாக வாழ்ந்தார்கள் என்பதைப் பின்வருவோர் கண்டிருப்பார்களே என ஸயீத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) வருந்தினார்கள்.

ஆகவே, மண்சுவரின் மேல் கான்கிரீட் பாரத்தை ஏற்றாமல், புதிய பகுதிக்குத் தனி அடித்தளமும் தூண்களும் அமைப்போம். இயன்றால் முன்கூடத்தையேனும் பிள்ளைகள் காண விட்டுவைப்போம். அனைத்திற்கும் முன், பங்குதாரர் ஒவ்வொருவரின் இசைவையும் எழுத்தில் பெறுவோம். நம் இல்லங்களில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.