முருகைக்கல்லும் ஊழியமும்

யாழ்ப்பாணக் கோட்டையைப் பற்றி எழுதியோரிற் பலர் அதன் அழகில் மயங்கியவர்கள். கீழைத்தேயங்களில் ஒல்லாந்தர் எழுப்பிய அரண்களுள் வடிவமைப்பிற் சிறந்தவற்றுள் ஒன்று இது என்பர். அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும், எவருடைய கைகள் இதனைக் கட்டின, எவரை அஞ்சி இது கட்டப்பட்டது என்ற வினாக்களை எழுப்பாது கோட்டையின் வரலாற்றை எழுதுவது நெல்லை விட்டு உமியை அளப்பது போன்றதாகும்.

1619 ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. சங்கிலி மன்னன் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். பிலிப் டி ஒலிவேரா 1621 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தான். ஆட்சிமையமும் நல்லூரிலிருந்து கடனீரேரிக் கரைக்கு மாறியது. அவ்விடம் அதற்கு முன் வெறும் மணற்றிடலாக இருந்ததென்று எண்ணுதல் தவறு. கோட்டைக்குட் கிடைத்த சோழர்காலக் கல்வெட்டொன்றைப் பேராசிரியர் கா. இந்திரபாலா 1971 இல் ஆராய்ந்து வெளியிட்டார். அண்மைக்கால அகழாய்வுகளிலோ, ஐரோப்பியர் வருகைக்குப் பன்னூறாண்டுகள் முற்பட்ட மட்கலத் துண்டுகளும் சீனப் பீங்கான்களும் வெளிப்பட்டுள்ளன. தூரதேச வாணிபம் நிகழ்ந்த துறையொன்றின்மீதே அந்நியன் தன் அரணை நாட்டினான்.

போர்த்துக்கேயரின் கோட்டை நாற்கோணமானது. 1658 இல் மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்த முற்றுகையின் முடிவில், ஜூன் மாதம், அது ஒல்லாந்தர் கைக்குச் சென்றது. அவர்கள் பழைய கோட்டையைத் திருத்தி வைத்துக்கொள்ளவில்லை. அதனை அகற்றி ஐங்கோண வடிவிற் புதிதாகக் கட்டினர். ஐந்து மூலைகளிலும் அம்புமுனை போல வெளியே நீண்ட கொத்தளங்கள் அமைந்தன. அவற்றுக்குத் தம் தாய்நாட்டு மாகாணங்களின் பெயர்களையே இட்டனர். பீரங்கி யுகத்துக்குரிய கணக்கு இதில் உண்டு. நேரான மதிலின் அடியில் வந்து ஒண்டிக்கொள்பவனை மேலே நிற்கும் காவலனாற் சுட இயலாது. கொத்தளம் வெளியே நீண்டிருப்பின், அதன் பக்கத்திலிருந்து அயல் மதிலின் அடிவரை சுடலாம். இவ்வாறு ஒவ்வொரு கொத்தளமும் தன் அயற் கொத்தளங்களைக் காத்துநிற்க, ஒளிந்துகொள்ள ஓரடி நிலமும் எஞ்சுவதில்லை. மதிலைச் சுற்றி அகழி; அதற்கப்பாற் புற அரண்கள்; அவற்றுக்கும் அப்பால், வருபவனை மறைக்க ஒரு மரமோ குடிசையோ இல்லாத திறந்த வெளி. இன்று நாம் முற்றவெளி என்று வழங்கும் இடமே அது. பந்தாட்டமும் பொதுக்கூட்டமும் நிகழும் அத் திடல் குண்டு பாய்வதற்கென ஒதுக்கப்பட்ட நிலமாயிருந்தது என்பதை மாணவர்க்குச் சொல்லிக்கொடுத்தல் நன்று.

இக் கோட்டை கடலை மாத்திரம் நோக்கி நின்றதன்று என்பது இதனாற் புலனாகும். தெற்கேயுள்ள கடனீரேரி ஆழமற்றது; பெருங்கப்பல்கள் கோட்டையை அணுக முடியாது. எனவே கடல்வாயிலைக் காக்க, ஊர்காவற்றுறையருகே நீர் நடுவில் வேறொரு கோட்டை இருந்தது. இங்கோ புற அரண்களும் வெளியும் நிலப்பக்கத்தையே பார்த்தன. வரி இறுத்த குடிகள் வாழ்ந்த பக்கம் அது.

மதிலின் கல் எமது மண்ணினதும் கடலினதும் முருகைக்கல். சாந்து, அதே முருகைக்கல்லைச் சுட்டெடுத்த சுண்ணாம்பு. கல்லை வெட்டியவர், சுமந்தவர், சூளையில் நின்றவர் ஆகியோரின் பெயர் எந்த வாயிலிலும் பொறிக்கப்படவில்லை. கும்பினியார் ஊழியம் என்னும் கட்டாய வேலைமுறையைக் கையாண்டனர். அது சாதிப்படிநிலையிற் கீழே தள்ளப்பட்டோர்மீதும், அந்நியரெனக் கருதப்பட்ட செட்டிகள், முஸ்லிம்கள் முதலியோர்மீதும் சுமத்தப்பட்டது. கையிற் பணமுள்ளவன் பணம் செலுத்தி விலகிக்கொள்ளலாம். இல்லாதவன் உடலால் இறுக்க வேண்டும். அத்தோடு, 1659 ஆம் ஆண்டை அடுத்துத் தஞ்சைப் பகுதியைப் பஞ்சம் வாட்டியபொழுது, ஆயிரக்கணக்கான மக்களைக் கும்பினி அடிமைகளாக வாங்கிக் கப்பலேற்றியது. அவர்களிற் பலர் வந்திறங்கியது இலங்கையிலேயே. சோழமண்டலத்துப் பட்டினி இங்கே வேலைக்கு ஆளாயிற்று.

இவற்றையெல்லாம் அந்நியன் தனித்து நின்று செய்துவிடவில்லை. கோட்டைக்குள் 1706 இற் சிலுவை வடிவிலான பெருந்தேவாலயம் எழுந்தது. அதற்கு அடுத்த ஆண்டிலேயே கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி யாழ்ப்பாணத்து வழமைகளைத் தேசவழமை என்னும் பெயரில் எழுத்தில் தொகுத்து முடித்தான். சொத்துரிமை, சீதனம், ஈடு ஆகியவற்றோடு, மனிதனை மனிதன் உடைமையாக வைத்திருக்கும் முறைக்கும் அத் தொகுப்பில் இடமிருந்தது. அதனைப் படித்துப் பார்த்துச் சரியென ஒப்புதல் அளித்தவர்கள் பன்னிரு முதலிமார். கோட்டை மதிலுக்கு வெளியே கும்பினிக்கு வாய்த்த கொத்தளங்கள் இவர்களே எனலாம். அந்த அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844 இலேதான்.

உள்மதில் 1680 அளவில் நிறைவேறியது. புற அரண்கள் முற்றுப்பெற 1792 வரை சென்றது. தலைமுறை தலைமுறையாக வாங்கிய உழைப்பினால் முற்றிய இவ்வரண், மூன்றே ஆண்டுகளின் பின், 1795 செப்டெம்பரில், எதிர்ப்பேதுமின்றி ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டது! ஐரோப்பாவில் அரசு மாறியது. இங்கே திறப்பு கைமாறியது. அவ்வளவே.

ஆங்கிலேயர் காலத்தில் அது சிறைச்சாலையாகவும் அதிகாரிகளின் உறைவிடமாகவும் பயன்பட்டது. 1905 இல் இங்கு பணிபுரிய வந்த லெனாட் வூல்ஃப் கோட்டைக்குள் அமைந்த பங்களாவில் வசித்தார். பிற்காலத்தில் ஏகாதிபத்தியத்தை வன்மையாகக் கண்டித்த அவ்வெழுத்தாளர் தம் உத்தியோக வாழ்வை அம் மதிலுக்குள்ளிருந்தே தொடங்கினார் என்பது சுவையான செய்தி. எமது காலத்தில் அது மீண்டும் படைமுகாமாயிற்று. 1990 இல் மாதக்கணக்கில் நீடித்த முற்றுகையின்பின் படையினர் வெளியேறினர். 1995 இறுதியில் மீண்டும் அவர்கள் கைக்கு வந்தது. அப் போரில் தேவாலயம் இடிபாடாயிற்று. மதில்களும் பல இடங்களிற் பிளந்தன. 2009 இன் பின்னர் நெதர்லாந்து அரசின் உதவியோடும் திருத்தவேலைகள் நடைபெற்றன.

கோட்டையைப் பார்க்க மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் செப்பமாகத் திருத்திய வாயிலோடு திரும்பிவிடாது, இடிந்த பகுதிகளுக்கும் செல்வார்களாக. அங்கே மதிலின் உட்புறம் தெரியும். ஒழுங்காகச் செதுக்கப்படாத, கைக்கு அகப்பட்ட அளவில் அடுக்கிய முருகைக்கற்கள். கற்களின்மேல் பூவிதழ் போன்ற பவளப்பூச்சியின் வரிகள். அவற்றிடையே அள்ளி அப்பிய சுண்ணாம்பு.